சங்கிலிக் கொம்பு

இரவு ரயிலில் பட்டர்வொர்த் வந்து
முதல் பெரியில் கரையேறி
சூலியா தெருப் பின்சந்தில்
அச்சகக் கதவை உதைத்தார் அடைக்கலம், எம்.பி.
கையில் பெட்டியில்லை. ஒரு செருப்பு வாரறுந்திருந்தது.
“எழுது” என்றார்.
நான் எழுதுகிறவள் இல்லை, கோக்கிறவள்.
“சரி, கோர்.”

முந்தின நாள் கோலாலம்பூரில்
பேச எழுந்த ஒன்பதாம் நிமிடம்
ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்களாம்.
பேசியதெல்லாம் குறிப்பேட்டிலிருந்து நீக்கம்;
நீக்கம் என்று அவைத்தலைவர் சொன்னது மட்டும்
குறிப்பேட்டில் இருக்குமாம்.
கோப்பி ஆறும்வரைகூடப் பொறுக்காமல்
காகிதமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்:

எங்கள் நகராட்சித் தேர்தலைத் திருப்பிக் கொடு.
எண்பதாயிரம் பேருக்கும் ஒரு நாற்காலி,
ஒன்பதாயிரம் பேருக்கும் ஒரு நாற்காலி,
இந்தத் தராசைப் பிடிக்க
பசார் மீன்காரன்கூட வெட்கப்படுவான்.
வருஷா வருஷம் வாசலில் வந்து நின்று
வாங்கிப் போ என்றால்
அது பத்திரிகையா, நாய்க்கழுத்து வில்லையா.

மூன்றாம் பத்தியில் என் தட்டில் ஓர் அறை காலி.
ணை, லை, ளை, னை நான்கும்
தும்பிக்கையோடு தனி வார்ப்பு, பஞ்சமில்லை.
மற்ற ஐகாரத்துக்கெல்லாம் சங்கிலிக் கொம்புதான்.
இவர் வாயிலோ வரிக்கு வரி உரிமை.
கொம்பு தீர்ந்து
‘உரிம’ என்று மொட்டையாக நின்றது சொல்.
“ஒரு புள்ளி ம் சேர்த்தால் உரிமம் ஆகிவிடும், அண்ணே.”
சிரிப்பார் என்றிருந்தேன்.
செருப்பைக் கழற்றி
அறுந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகைக்கடை விளம்பரத்தைப் பிரித்தேன், இரண்டு கொம்பு.
தைலக்கடை, இன்னும் இரண்டு.
இப்படியே பிரித்துப் பிரித்து
அந்த வாரத்துக் காசெல்லாம் அவர் பேச்சுக்குள் போனது.

பிழை பார்க்க உட்கார்ந்தவர்
இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.
ஜெலுத்தோங் வாசகர் கடிதம்:
எங்கள் குழாயில் எட்டு மாதமாகத் தண்ணீரில்லை,
அடைக்கலம் வாய் திறந்தது
லாரி முதலாளி வீட்டு விருந்தில் மட்டும்.
“இதை எடு.”
நான் எடுக்கவில்லை.
“எடு என்கிறேன், செவந்தி.”
கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தேன்.
என் தாயை இழுத்து ஏதோ சொல்லிவிட்டு
ஒற்றைச் செருப்போடு வெளியே போனார்.

ஒரு மணி கழித்து
இரண்டு பொட்டலம் நாசி கண்டாரோடு வந்தார்.
“எழுத்தையாவது சின்னதாக்கு.”
“சின்ன எழுத்து நம்மிடம் இல்லை, அண்ணே.”
குழம்பு விரலாலேயே
அந்தப் பக்கத்தில் சரி போட்டார்.
மஞ்சள் கறையோடு இன்னும் இருக்கிறது அது.

டிசம்பர் கடைசியில் பதில் வந்தது: புதுப்பிப்பதற்கில்லை.
கூடவே இன்ஸ்பெக்டர் ஹம்டான், நல்ல மனுஷர்,
கோப்பி கொடுத்தோம், குடித்தார்.
இயந்திரம் ஒன்று. மேசை மூன்று.
“எழுத்து எத்தனை?” என்று கேட்டார்.
“இருநூற்று நாற்பத்தேழு” என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டார்.
அரக்கு உருகி உருளையில் சொட்டியது.

சாயங்காலம் அடைக்கலம் வந்து
பூட்டை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.
இரண்டு மாதச் சம்பளப் பாக்கியில்
பதினோரு வெள்ளி கொடுத்தார், மடிப்புக் கலையாத ஒரு பத்தும் ஒன்றும்.
மிச்சத்துக்குச் சீட்டு எழுதித் தருவதாக
சட்டைப்பையிலிருந்து
அவை நிகழ்ச்சித் தாளை எடுத்துத் திருப்பினார்.
பேனா காகிதத்தைக் கீறியது, எழுதவில்லை.
உதறினார். மறுபடி கீறினார்.

“மை இருக்கா, செவந்தி?”

முந்தானை மடிப்பில்
ஒரு பிடி கொம்பு
இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.